பக்கத்தில் நிற்கும் குரல்

ஒரு வணிக மாநாட்டுக்குப் போய் வந்தவரிடம் என்ன கிடைத்தது என்று கேட்டால், மேடையில் பேசிய பிரமுகரைப் பற்றி இரண்டு வரி சொல்வார். அடுத்து, தேநீர் வரிசையில் பக்கத்தில் நின்றவரைப் பற்றித்தான் பேச்சு போகும். மலாக்காவின் அலோர் காஜாவில் லோரி வைத்திருப்பவருக்கு மெர்லிமாவில் ஏற்றுவதற்குச் சரக்கு வைத்திருப்பவர் அறிமுகமாவதும், ஜாசினில் கேட்டரிங் நடத்துபவர் சென்னையில் மசாலா அரைக்கும் ஆலைக்காரரின் எண்ணை வாங்கிக்கொள்வதும் அந்த வரிசையில்தான். 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்ததும் கூட்டங்கள் எல்லாம் ஸூம் திரைக்கு ஏறின. மேடை அங்கே ஒழுங்காக வந்து சேர்ந்தது. தேநீர் வரிசை வரவில்லை. கூட்டம் முடிந்ததும் திரை அணையும், அவ்வளவுதான்.

மெய்நிகர் உலகத்தில் மாநாடு நடத்துவது என்றால் பலருக்கும் பளபளப்பான முப்பரிமாண மேடையும் பறக்கும் பொம்மைகளும் நினைவுக்கு வருகின்றன. அதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. என்னை வியக்க வைப்பது வேறு: ஒரு மனிதர் நமக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்ற உணர்வைக் கணக்குப் போட்டே உண்டாக்கிவிட முடிகிறது என்பது. அந்தக் கணக்கு காதிலிருந்து தொடங்குகிறது.

1953-இல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஒரே குரலில் பதிவான இரண்டு வேறுபட்ட பேச்சுகளை ஒன்றாகக் கலந்து இரு காதுகளிலும் ஒலிக்கவிட்டார். கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு ஒரு பேச்சை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் கொடுத்தார். எந்தச் சிரமமும் இல்லாமல் வேண்டியதை மட்டும் கேட்டார்கள். வழக்கமான காணொளிக் கூட்டத்தில் நம் நிலை முதல் சோதனையில் இருந்தவர்களின் நிலை. 30 பேரின் குரலும் ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. இருவர் சேர்ந்து பேசினால் இரண்டும் குழம்பும். அதனால்தான் ஒருவர் பேச, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. 30 பேர் கூடிய இடத்தில் பத்து உரையாடல்கள் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இயல்பு. கல்யாண வீட்டுப் பந்தலில் அதை நாம் யாரும் கற்றுக்கொண்டு செய்வதில்லை.

பந்தலில் அது எப்படி முடிகிறது? வலப்பக்கம் 30 டிகிரி தள்ளி ஒருவர் நின்று பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் வேகத்தில் வருகிறது. வலக்காதை அடைந்த ஒலி, தலையைச் சுற்றி இடக்காதை எட்டுவதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் சுமார் கால் மில்லிநொடி. அதாவது ஒரு நொடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அவர் நேர் பக்கவாட்டில் நின்றாலும் இந்த வித்தியாசம் முக்கால் மில்லிநொடியைத் தாண்டாது. மூளை இதை அளந்து திசையைச் சொல்லிவிடுகிறது. நல்ல சூழலில் நூறில் ஒரு மில்லிநொடி வித்தியாசத்தைக்கூட நம்மால் உணர முடியும். இதோடு, தலை மறைப்பதால் கூர்மையான ஒலிகள் இடக்காதில் சற்று மங்கிக் கேட்கும். காதுமடலின் மடிப்புகளும் தங்கள் பங்குக்கு ஒலியை மாற்றி, மேலிருந்து வருகிறதா முன்னிருந்து வருகிறதா என்று சொல்லும்.

மெய்நிகர் அரங்கில் கணினி இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. உங்கள் உருவம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பது அதற்குத் தெரியும். அவருடைய குரலை இரண்டு பிரதி எடுக்கிறது. ஒன்றைக் கால் மில்லிநொடி தாமதப்படுத்தி, கொஞ்சம் மங்கலாக்கி இடக்காதுக்கு அனுப்புகிறது. நீங்கள் திரும்பினால் கணக்கும் மாறும். சாதாரண ஹெட்போன் மாட்டியிருந்தால் போதும். குரல் அந்த ஆள் நிற்கும் இடத்திலிருந்தே வரும். எட்டிப் போனால் தேயும், கிட்டே வந்தால் கூடும். இப்போது பத்து உரையாடல்களும் ஒரே கூடத்தில் நடக்கலாம். நீங்கள் ஒரு கூட்டத்திலிருந்து நகர்ந்து இன்னொன்றின் ஓரமாகப் போய் நிற்கலாம். காதில் விழுந்தது பிடித்திருந்தால் சேர்ந்துகொள்ளலாம். தேநீர் வரிசையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகம் தூரத்தை எழுத்து அரட்டையிலேயே கொண்டுவந்துவிட்டது. மெல்லச் சொன்னால் 10 மீட்டருக்குள் இருப்பவருக்குத் தெரியும். சாதாரணமாகச் சொன்னால் 20 மீட்டர். கத்தினால் 100 மீட்டர். எழுத்துக்கு ஏது சத்தம்? ஆனாலும் அந்த எல்லை வைத்ததும் மனிதர்கள் கிட்டே போய்ப் பேச ஆரம்பித்தார்கள். 2007-இல் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் முதலிய ஆய்வாளர்கள் அங்கே உருவங்கள் எப்படி நிற்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். ஆண் உருவங்கள் இரண்டு பேசும்போது, பெண் உருவங்களைவிடக் கூடுதல் இடைவெளி விட்டு நின்றன. இடைவெளி குறையக் குறைய நேருக்கு நேர் பார்ப்பதும் குறைந்தது. நெரிசலான பேருந்தில் நாமும் பார்வையை விலக்கிக்கொள்கிறோம், அதே மரியாதை. உடம்பே இல்லாத இடத்தில், விரல் நுனியால் பொம்மையை நகர்த்திக்கொண்டிருக்கும்போதுகூட அந்த நாணம் நம்மோடு வந்துவிடுகிறது. இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் மெய்நிகர் மாநாட்டை நான் விளையாட்டாக நினைப்பதை விட்டேன்.

பெரிய நிறுவனங்களில் இதை முதலில் முழுமையாகச் சோதித்துப் பார்த்தவற்றில் ஒன்று ஐபிஎம். 2008-இன் பிற்பகுதியில் அதன் தொழில்நுட்பக் கழகம் இருநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கூட்டி செகண்ட் லைஃபில் மாநாடு நடத்தியது. செலவு சுமார் 80,000 அமெரிக்க டாலர். விமானம், விடுதி, வேலை நேரம் எல்லாம் சேர்த்து மிச்சமானது 3,20,000 டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். நேர மிச்சத்தைப் பணமாக மாற்றும் கணக்கில் கொஞ்சம் தாராளம் இருக்கும் என்பது என் எண்ணம். பயணச் செலவு மிச்சம் மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது.

200 பேரை ஒரே இடத்தில் நிற்க வைப்பது அங்கே லேசான காரியம் அல்ல. செகண்ட் லைஃப் நிலம் 256 மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு சதுரத்தில் ஏறக்குறைய 100 உருவங்களுக்கு மேல் கொள்ளாது. காரணம் பெருக்கல் கணக்கு. 100 பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்ற 99 பேரின் அசைவைப் பார்க்க வேண்டும். கணினி கவனிக்க வேண்டிய தொடர்புகள் 9,900. ஆட்கள் இருமடங்காகி 200 ஆனால் தொடர்புகள் 39,800, ஏறக்குறைய நான்கு மடங்கு. இதற்கு அங்கே இருந்தவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலையில் மேடையைப் போட்டார்கள். பார்வையாளர்கள் நான்கு சதுரங்களிலும் பிரிந்து உட்கார்ந்தார்கள். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே கூட்டம்தான்.

அசைவுகளை அனுப்புவதிலும் ஒரு தந்திரம் உண்டு. ஓர் உருவம் நடந்துகொண்டிருந்தால் அது நிற்கும் இடத்தை ஒவ்வொரு கணமும் அனுப்பத் தேவையில்லை. இடம், திசை, வேகம் மூன்றையும் ஒரு தடவை சொல்லிவிட்டால், எதிர்முனைக் கணினி மீதி நடையைத் தானே ஊகித்து வரைந்துகொள்ளும். ஊகம் தப்பும்போது மட்டும் திருத்தம் வரும். தூரத்தில் நிற்பவரின் விவரங்களை அடிக்கடி புதுப்பிப்பதும் இல்லை. நமக்கு அக்கறை உள்ள வட்டத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை.

தமிழ்நாட்டில் இது மாநாடாக அல்லாமல் விருந்தாக வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் கிராமத்தில் 2022 பிப்ரவரி 6-இல் ஒரு திருமண வரவேற்பு மெய்நிகர் அரங்கில் நடந்தது. தாலி கட்டியது ஊரில், சொந்தங்கள் முன்னால். வரவேற்பு மட்டும் ஹாரி பாட்டர் கதையில் வரும் பள்ளியைப் போன்ற ஒரு கோட்டையில். தொற்றுக் காலத்தில் வர முடியாதவர்கள் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் வந்தார்கள். மணப்பெண்ணின் தந்தை முந்தைய ஆண்டு காலமாகியிருந்தார். அவருடைய உருவத்தைச் செய்து, வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வைத்தார்கள். தொழில்நுட்பம் எளியதுதான். ஆனால் ஒரு கிராமத்துக் குடும்பம் அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தியது என்று பாருங்கள்: வாசலில் நிற்க வேண்டியவர் நிற்க வேண்டும் என்பதற்காக.

இனி மலாக்காவுக்கு வருகிறேன். கடலுக்கு அப்பாலிருந்து வருகிறவர்களைக் கூட்டி வைப்பது இந்த ஊருக்குப் பழைய தொழில். பாய்மரக் காலத்தில் ஒரு பருவக்காற்று கப்பலைக் கொண்டுவந்து விடும்; திரும்பிப் போக மறு காற்று வீச வேண்டும். இடையில் வணிகர்கள் மாதக்கணக்கில் இங்கே தங்கினார்கள். சோழமண்டலக் கரையின் துணி வணிகர், குஜராத்தியர், ஜாவாக்காரர், சீனர் எல்லாரும் ஒரே கரையில். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்ச்சுகீசியரான தோமே பிரஸ், இங்கே 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். சுல்தான் ஆட்சியில் ஷாபந்தர்கள் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள். தமிழ் வணிகர்கள் வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களோடு சேர்ந்து ஒரு ஷாபந்தரின் பொறுப்பில் வந்தார்கள். வருகிறவர் யார், சரக்கு என்ன, எங்கே தங்குவார் என்பதையெல்லாம் கவனிப்பது அவர் வேலை. அந்தத் தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகள் காஜா பேராங்கில் இன்றும் வாழ்கிறார்கள். 1781-இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் பொற்கொல்லர் தெருவில் நிற்கிறது.

காற்றுக்குக் காத்திருந்த அந்தக் கரையில்தான் இன்று கடலடிக் கேபிள்கள் ஏறுகின்றன. 2005 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய சீ-மீ-வீ 4 கேபிள் சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை ஏறக்குறைய 18,800 கிலோமீட்டர் போகிறது. அது கரையேறும் ஊர்களில் மலாக்காவும் ஒன்று, சென்னையும் ஒன்று, கொழும்பும் ஒன்று. 2016-இல் வந்த சீ-மீ-வீ 5-உம் மலாக்காவில் ஏறி, இலங்கையின் மாத்தறையைத் தொடுகிறது. பாய்மரக் கப்பல்கள் கடந்த அதே நீரிணையின் அடியில் முடி பருமனுள்ள கண்ணாடி இழைகளில் வெளிச்சம் ஓடுகிறது. இந்த இரண்டு கேபிள்களின் வரைபடத்தைப் பார்க்கும் எந்த மலாக்காத் தமிழருக்கும் மனம் நிறையும் என்று நம்புகிறேன்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். மலாக்காவிலிருந்து சென்னைக்குக் கடல்வழி ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் என்றால், குரல் போய்ச் சேர 15 மில்லிநொடி. இது ஏன் முக்கியம்? பத்து மொழிகளில் நடந்த உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக 200 மில்லிநொடி அளவே இடைவெளி. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும், குறையும். பெரிய மாற்றம் இல்லை. இந்த இடைவெளி நீண்டால் எதிரே இருப்பவர் தயங்குகிறார் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. வியாபாரப் பேச்சில் அது ஆபத்து. விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் அந்தக் கணத்தில், கேபிளின் தாமதம் வாடிக்கையாளரின் தயக்கமாகத் தெரியும்.

தொலைபேசித் துறையின் அனைத்துலகப் பரிந்துரை, ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் கெடாது என்கிறது. மெய்நிகர் அரங்கை இயக்கும் சர்வர் கலிபோர்னியாவில் இருந்தால் என்ன ஆகும்? ஜாசினில் இருப்பவரின் குரல் முதலில் 14,000 கிலோமீட்டர் அங்கே போக வேண்டும்: 70 மில்லிநொடி. அங்கிருந்து சென்னைக்கு மறுபடி அதே அளவு தூரம்: இன்னொரு 70. வழியில் உள்ள கணினிகளும் கைப்பேசி அலைவரிசையும் எடுக்கும் நேரம் இதற்கு மேல். எல்லை தாண்டிவிடும். சர்வர் மலாக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அதே இருவருக்கும் நடுவே கடல் 15 மில்லிநொடிதான். அரங்கின் அழகைவிட அது எந்த ஊரில் ஓடுகிறது என்பதுதான் பேச்சின் சுகத்தைத் தீர்மானிக்கிறது.

தோட்டங்களில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுவே முதல். பிறகு புக்கிட் ஆசஹானில் பெரிய அளவில் நட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் பால்மரம் வெட்டத் தமிழர்கள் வந்தார்கள், லயங்கள் எழுந்தன, கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எழுந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு பலர் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் மலாக்கா நகரத்துக்கும் பெயர்ந்தார்கள். இன்று சிறுதொழில் செய்கிறவர்களில் பலர் அந்த லயத்து வீட்டுப் பிள்ளைகள். கோலாலம்பூர் மாநாட்டுக்கு ஒரு நாள் போவதென்றால் கடையை அடைக்க வேண்டும். பெட்ரோல், டோல், சாப்பாடு எல்லாம் பார்க்க வேண்டும். சென்னை மாநாடு எட்டாத தூரம்.

தோட்டத்து வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம் என்றால் அலை சரியாகக் கிடைப்பதில்லை. செம்பனை ஓலைக்கு அடியில் கைப்பேசி அலை தளர்ந்துபோவதற்குக் காரணம் ஓலையில் உள்ள நீர். அலை குட்டையாக இருந்தால் இழப்பு அதிகம். 5ஜி-க்கு மலேசியா முக்கியமாக இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது: 3.5 கிகாஹெர்ட்ஸ், 700 மெகாஹெர்ட்ஸ். முதலாவதின் அலைநீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. இலைகளில் சிதறும், மழைக்குப் பின் இன்னும் மோசமாகும். இரண்டாவதின் அலைநீளம் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். அது தோப்புக்குள் கூடுதலாக ஊடுருவும், ஆனால் கொள்ளளவு குறைவு. தோட்டத்து வீட்டில் இரண்டு கோடு மட்டும் காட்டும் கைப்பேசியில் இதுதான் நடக்கிறது.

இந்த இடத்தில்தான் மெய்நிகர் உலகம் பலரும் எதிர்பாராத ஓர் உதவியைச் செய்கிறது. காணொளியில் ஒவ்வொரு முகமும் ஒரு தனி ஓடை. தெளிவாக வேண்டுமானால் ஓர் ஓடைக்கு நொடிக்கு 1,000 கிலோபிட்டுக்கு மேல் வேண்டும். மெய்நிகர் அரங்கில் முகப்படம் போவதே இல்லை. கூடமும் உருவங்களும் நுழையும்போது ஒருமுறை இறங்கிவிடும். அதன் பிறகு போவது இடக்குறிப்பும் குரலும். ஒரு குரலுக்கு 30 கிலோபிட் போதும். பக்கத்தில் நிற்கும் ஐந்து பேரைக் கேட்க 150 கிலோபிட். முதல் இறக்கம் கனமானது. அதை முந்தின நாளே நகரத்தில் வைஃபையில் முடித்துவிட்டால், மறுநாள் தோட்டத்து வீட்டுத் திண்ணையிலிருந்தே மாநாட்டில் நிற்கலாம். எளிமையாகக் கட்டிய அரங்காக மட்டும் இருக்க வேண்டும். கண்ணாடிக் கோபுரமும் நீரூற்றும் வைத்துக் கட்டினால் இந்த லாபம் முழுவதும் போய்விடும்.

கண்ணை மூடும் ஹெட்செட் தேவையா என்று கேட்பார்கள். தேவையில்லை. ஐபிஎம் மாநாடும் கிருஷ்ணகிரி வரவேற்பும் சாதாரணத் திரைகளில் நடந்தவை. ஹெட்செட்டில் தலை திரும்பியதற்கும் படம் திரும்பியதற்கும் நடுவே 20 மில்லிநொடிக்கு மேல் போனால் உட்காதின் சமநிலை உணர்வும் கண்ணும் முரண்பட்டு, பலருக்குக் குமட்டும். இரண்டு மணி நேர மாநாட்டுக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

ஆள் யார் என்பது மட்டும் கவலைக்குரிய விஷயம். உருவத்துக்குப் பின்னால் இருப்பவர், தன்னை யார் என்று சொல்கிறாரோ அவர்தானா? ஷாபந்தர் செய்த வேலையை இங்கே வாசலில் ஒருவர் செய்தாக வேண்டும்: பதிவு, தொலைபேசி எண் சரிபார்ப்பு, நிறுவனப் பதிவு எண். உடன்பாட்டை அரங்கில் முடிக்காமல் வெளியே எழுத்தில் முடிப்பது நல்லது. மின்னியல் செய்தி வழியான ஒப்பந்தத்தை மலேசியாவின் 2006-ஆம் ஆண்டு மின்னியல் வணிகச் சட்டம் ஏற்கிறது. இலக்கக் கையொப்பத்துக்கு 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு.

இந்த உலகங்கள் நிலைப்பதும் இல்லை. மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மோசில்லாவின் ஹப்ஸ் சேவை 2024 மே மாதம் நின்றது. அடுத்தவர் வாடகை இடத்தில் நம் சந்தையை வைத்தால், அவர் கதவைப் பூட்டும் நாளில் நம் தொடர்புகளும் போய்விடும். ஹப்ஸ் விஷயத்தில் ஒரு நல்லது நடந்தது. அதன் நிரல் திறந்த மூலமாக இருந்ததால், இன்றும் யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். உலாவியில் ஓர் இணைப்பைத் தட்டினால் திறக்கும். ஓர் அறையில் இரண்டு டஜன் பேர்வரை நெருக்கடியில்லாமல் நிற்கலாம். குரலுக்குத் திசையும் தூரமும் உண்டு.

மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. டுரியான் துங்காலில் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (UTeM) இருக்கிறது. இரண்டிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இறுதியாண்டுத் திட்டமாக இப்படி ஒரு சர்வரை இங்கேயே நிறுவி, அறிவிப்புப் பலகைகளைத் தமிழில் எழுதி, நான்கு அறைகளை ஒட்டி ஒட்டி வைப்பது அவர்களால் முடியாத வேலை அல்ல. உள்ளூர்த் தமிழ் வணிகர்கள் 20 பேர், சென்னையிலிருந்து 20 பேர், கொழும்பிலிருந்து 10 பேர் என்று தொடங்கலாம். மேடைப் பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். மீதி ஒன்றரை மணி நேரம் தேநீர் வரிசைக்கு.